தீக்குச்சி முதல் மதனப்பள்ளி வரை

வெள்ளைப் பாஸ்பரசைத் தண்ணீருக்குள் போட்டுத்தான் வைப்பார்கள். வெளியே எடுத்தால் தானாகப் புகையும். கொஞ்சம் சூடு ஏறினாலே பற்றிக்கொள்ளும். இருட்டில் மங்கிய பச்சை நிறத்தில் ஒளிரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், எங்கே உரசினாலும் எரிகிற தீக்குச்சிகளின் தலையில் இருந்தது இதுதான். அந்தக் குச்சிகளைச் செய்த லண்டன் பெண்கள், வேலை பார்த்த மேசையிலேயே ரொட்டியை வைத்துச் சாப்பிட்டார்கள். பாஸ்பரஸ் ஆவி சொத்தைப் பல் வழியாக இறங்கித் தாடை எலும்பை அரித்தது. முதலில் பல்வலிதான். பிறகு ஈறு வீங்கும், சீழ் வைக்கும், கடைசியில் எலும்பே செத்துப்போகும். செத்த எலும்பை அறுத்து எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இத்தனைக்கும் மாற்று கையிலேயே இருந்தது. சிவப்புப் பாஸ்பரஸ் 1840-களிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. வெள்ளையில் நான்கு நான்கு அணுக்கள் சின்னஞ்சிறு பிரமிடு போலக் கூடி நிற்கின்றன. அதனால் எளிதில் ஆவியாகிப் பறக்கின்றன. சிவப்பில் அதே அணுக்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. ஆவி கிளம்பாது, நஞ்சும் இல்லை. தனிமம் ஒன்றே, அடுக்கு மட்டும் வேறு. ஆனால் வெள்ளை மலிவு. ஏழைப் பெண்ணின் தாடை அழுகியதற்கு விதி காரணமில்லை, விலைதான் காரணம்.

1888 ஜூன் 23 அன்று ‘தி லிங்க்’ என்ற சிறு பத்திரிகையில், பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அது பெரும்பாலும் பேசியது கூலியையும் அபராதத்தையும்தான். நெசவு ஊரான நகரியில் தறி ஓட்டும் குடும்பங்களுக்குக் கூலிப் பிடித்தம் எப்படி வலிக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த மாதம் சுமார் 1,400 பெண்கள் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தார்கள். நிர்வாகம் இறங்கிவந்து அபராதத்தை நீக்கியது. சாப்பிடுவதற்குத் தனி அறையும் கிடைத்தது. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் பாஸ்பரசையும் ரொட்டியையும் பிரித்த சுவர் அது. வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் 1908-லும் இந்தியாவில் 1913-லும் வந்தது. 1920-களில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய சிவகாசி, அந்த நஞ்சிலிருந்தாவது தப்பியது.

கட்டுரையை எழுதியவர் அன்னி பெசன்ட். அப்போது அவருக்கு வயது 40.

சென்னையில் அடையாறும் பெசன்ட் நகரும் தெரிந்த பலருக்கு, அவர் ஓர் அறிவியல் மாணவி என்பது தெரியாது. லண்டன் பல்கலைக்கழகம் 1878-ல் பெண்களுக்குப் பட்டப்படிப்பைத் திறந்துவிட்டதும், அடுத்த ஆண்டே அவர் அறிவியல் படிக்க உட்கார்ந்துவிட்டார். தாவரவியலில் சிறப்பாகத் தேறினார். பட்டம் மட்டும் கடைசிவரை கைக்கு வரவில்லை. குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறு நூலைச் சுயசிந்தனையாளர் சார்ல்ஸ் பிராட்லாவுடன் சேர்ந்து வெளியிட்டதற்காக 1877-ல் அவர் மீது வழக்கு நடந்தது. அதையடுத்து பெற்ற மகளையே நீதிமன்றம் அவரிடமிருந்து பிரித்தது. 1883-ல் ஒரு தாவரவியல் வகுப்பு, பிராட்லாவின் மகளையும் இவரையும் சேர்த்துக்கொள்ள மறுத்தது. ஆனாலும் படித்ததைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. மாலை நேரங்களில் உழைப்பாளிகளுக்கு அறிவியல் பாடம் எடுத்தார்.

அறிவியல் அவருக்குத் தந்தது ஒரு பழக்கத்தை: எதற்கும் காரணம் கேட்பது. அந்தப் பழக்கம் அரசியலுக்குள் நுழைந்தது அவரால்தான் முதல் தடவை என்பதில்லை. கோள்களும் கல்லும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்று நியூட்டன் 1687-ல் காட்டினார். அந்த நியூட்டனைப் பிரெஞ்சு மக்களிடம் கொண்டுபோன வால்டேர்தான் அரசனையும் திருச்சபையையும் கேள்வி கேட்டார். மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின், 1776-ல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். வானத்துக்கு ஒரு சட்டம் உண்டென்றால், அரண்மனைக்கு மட்டும் ஏன் கிடையாது?

அந்தக் கேள்வி சென்னைக்கும் வந்து சேர்ந்தது, பெசன்ட் வருவதற்கு முன்பே. 1878-ல் இங்கே ஒரு சுயசிந்தனையாளர் சங்கம் உருவாயிற்று. பின்னாளில் அது சென்னை இலௌகிக சங்கம் ஆனது. ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழ் 1880-களில் அதன் குரலாக ஒலித்தது. பிராட்லாவின் கருத்துகள் தமிழில் அச்சேறின. சாதியும் குழந்தை மணமும் அறிவின் முன் நிறுத்தப்பட்டன. பிற்காலச் சுயமரியாதை இயக்கத்துக்கும் சிங்காரவேலரின் அறிவியல் எழுத்துக்கும் முன்னோடி என்று அதைச் சொல்வது நியாயம்.

பெசன்டின் வழி இதற்குள் திரும்பிவிட்டது. 1889-ல் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். 1893 நவம்பரில் தூத்துக்குடியில் வந்திறங்கினார். ஞானதிருஷ்டியால் அணுக்களைப் பார்த்ததாக 1908-ல் சபைத் தோழர் லெட்பீட்டருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட நூல் அறிவியல் ஆகாது. சோதித்துப் பார்க்க வழியில்லாத எதையும் அறிவியல் ஏற்பதில்லை. தாவரவியல் படித்த ஒருவர் அந்தப் பக்கம் போனது வருத்தம்தான். ஆனால் ஆட்சியைப் பார்த்துக் காரணம் கேட்கும் குணம் அவரைவிட்டுப் போகவில்லை. ஒரு நாட்டை இன்னொரு நாடு ஆள்வதற்கு என்ன காரணம்? 1916 செப்டம்பரில் சென்னையில் சுயாட்சி கேட்கும் அவருடைய ஹோம் ரூல் லீக் பிறந்தது.

இங்கேதான் சித்தூர் மாவட்டம் கதைக்குள் வருகிறது. 1911-ல் அந்த மாவட்டம் உருவானபோது நகரிப் பக்கம் வட ஆற்காட்டிலிருந்தும், மதனப்பள்ளி கடப்பையிலிருந்தும் வந்து சேர்ந்தன. மேட்டு நிலத்தில், குளிர்ந்த காற்றோடு இருந்த மதனப்பள்ளியில் 1915-ல் பெசன்ட் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பாடம் நடத்த வந்தவர் ஜேம்ஸ் கசின்ஸ் என்ற அயர்லாந்துக் கவிஞர். 1916-ல் டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சியைப் பாராட்டிப் பெசன்டின் ‘நியூ இந்தியா’ நாளிதழில் எழுதியதால் அந்த இதழில் பார்த்த வேலையை இழந்தவர். பிறகு மதனப்பள்ளியில் கல்லூரி முதல்வரானார்.

1917-ல் மாணவர்கள் அரசியல் கூட்டங்களுக்குப் போகக்கூடாது என்று சென்னை அரசு தடை போட்டது. ஜூனில் பெசன்ட் ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டார். மதனப்பள்ளி மாணவர்கள் ஹோம் ரூல் பக்கம் நின்றார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் கல்லூரியின் இணைப்பை ரத்து செய்தது. பட்டம் போய்விடும் என்று தெரிந்தும் பிள்ளைகள் நின்ற நிலை அது. அதன்பின் கல்லூரி அடையாற்றின் தேசியப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அதன் வேந்தர் ரவீந்திரநாத் தாகூர்.

அந்த வேந்தர் 1919 பிப்ரவரி இறுதியில், தென்னிந்தியப் பயணத்தின் நடுவே மதனப்பள்ளி வந்து தங்கினார். ஒரு மாலைக் கூட்டத்தில் 1911-ல் எழுதிய ‘ஜன கண மன’வைப் பாடிக் காட்டினார். கசின்சின் மனைவி மார்கரெட் முறையாக இசை படித்துப் பட்டம் பெற்றவர். அவர் அந்த மெட்டைக் கேட்டுச் சுரக்குறிப்பாக எழுதினார். பிப்ரவரி 28 அன்று தாகூர் தம் கையாலேயே பாடலை ஆங்கிலத்தில் எழுதித் தந்தார்.

மார்கரெட்டைப் பாட்டோடு மட்டும் நிறுத்திவிடுவது அநியாயம். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு லண்டனிலும் அயர்லாந்திலும் சிறை போனவர் அவர். மதனப்பள்ளியில் பெண்கள் கூடிப் பேசிய ஒரு சிறு சமாஜத்தில் கிடைத்த அனுபவத்தோடு, 1917 மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் உருவாக முன்நின்றார். அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் மந்திரி மாண்டேகு சென்னை வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் ஓட்டுரிமை கேட்டார்கள். அந்தத் தூதுக்குழுவை ஏற்பாடு செய்தவர் மார்கரெட். 1921-ல் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. சொத்துள்ள பெண்களுக்கு மட்டும்தான் என்றாலும் கதவு திறந்தது. மார்கரெட் பின்னாளில் வேலூர்ச் சிறையிலும் இருந்தார்.

அந்த மாதர் சங்கத்தின் ஆதரவோடு சென்னைச் சட்டசபைக்குள் போனவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்றவர், 1927-ல் அந்த அவையின் துணைத் தலைவரானார். பச்சிளம் பருவத்தில் பிள்ளை பெறும் உடல் என்ன பாடுபடும் என்பதை மருத்துவராக நேரில் கண்டவர் அவர். குழந்தை மணத்துக்கும் தேவதாசி முறைக்கும் எதிராக அவையில் எழுந்து பேசினார்.

நகரியிலிருந்து புத்தூர், திருப்பதி, பீலேர் வழியாக மதனப்பள்ளி போகிறவர்கள் தக்காளி மண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். அடுத்த முறை பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். பி.டி. காலேஜ் என்று ஊரார் சொல்லும் அந்தக் கல்லூரி வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். அவர்கள் தினமும் பள்ளியில் பாடுகிற பாட்டு முதன்முதலாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டது இங்கேதான் என்று சொல்லுங்கள். ஒரு கேள்விக்காகப் பட்டத்தையே இழக்கத் துணிந்த மாணவர்கள் படித்ததும் இங்கேதான் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.