நீர்க்கரைப் புற்கள்



வீட்டு வளவிலே கிணற்றடி நீர் வடிந்து சேரும் மூலையொன்று எப்பொழுதும் ஈரமாகவே கிடக்கும். அங்கே உரோசாவை வைத்தால் வேர் அழுகும். குரோட்டன் இலை உதிர்க்கும். வைத்தவர் சலித்துப்போய் ஈற்றிலே சீமெந்து பூசிவிடுவார். மாரி வெள்ளத்தையும் கோடை வறட்சியையும் ஒருங்கே தாங்கவல்ல புற்கள் நம் குளக்கரைகளிலே தாமாகவே வளர்கின்றன என்பது ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

இவற்றுள் முதலிடம் வெட்டிவேருக்கே உரியது. மணத்துக்காக மட்டுமே இதனைப் பலர் அறிவர். ஆயினும், பக்கங்களிற் படராது நேர்கீழாகப் 10 அடி வரையும் இறங்கவல்ல அதன் வேரே கரைக்குக் காவல். பழந்தூரைப் பிரித்து, இலையை ஒரு சாணளவாகவும் வேரை அதிற் பாதியாகவும் நறுக்கி, 5 அல்லது 6 அங்குல இடைவெளியில், கரையின் மேல்விளிம்பையொட்டி ஒரே நிரையாக நடுதல் வேண்டும். இடைவெளி மிகுந்தால் ஓடும் நீர் அவ்வழியே புகுந்து மண்ணை அரித்துச் செல்லும். முதல் மழையோடு நட்டுவிடுக. வேரூன்றுமுன் பெருவெள்ளம் வந்தால் உழைப்பெல்லாம் வீண். நிழலும் இதற்கு ஆகாது.

புல் நிரையால் நீரை வடிகட்டும் இம்முறை நமக்குப் புதிதன்று. உலர் வலயத்துப் பழங்குளங்களின் மேற்புறத்தே, நீர் வந்து புகும் தாழ்நிலத்தில் ஒரு புற்பரப்பை விட்டுவைத்தனர். வண்டல் அங்கேயே தங்கிவிடும். குளம் தூர்வது குறையும். சிங்களத்தில் அதனைப் 'பெரஹன' என்பர். வடிகட்டி என்பதே அச்சொல்லின் பொருள்.

நீர் விளிம்பிலேயே நிற்பதற்குப் பாய் இழைக்கும் கோரை ஏற்றது. புல்லென்று வழங்கினும் தாவர நூலார் அதனை வேறு குடும்பத்திற் சேர்ப்பர். தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள்: கோரையின் முப்பட்டை உருளாது, கணுவும் இராது. தோட்டக்காரர் அஞ்சும் கோரைக்கிழங்கும் இவ்வினத்ததே. அதனை மட்டும் தப்பித்தவறியும் கொண்டுவந்து நடாதீர்கள்.

வெண்பட்டுக் கதிர் அசையும் நாணலோ கண்ணைக் கவர்வது. கோயம்புத்தூரிலே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்போடு காட்டு நாணலைக் கலந்தே நோய் தாங்கும் புதுக்கரும்பை உண்டாக்கினர். அத்துணை வலிமை வாய்ந்தது. அவ்வலிமையே சிறு வளவுக்குத் தொல்லையுமாகும். நிலத்தடித் தண்டால் ஓடி, அயலான் வேலியையும் கடந்துவிடும். யான் ஒருமுறை ஆசைப்பட்டு வைத்து, இரண்டு ஆண்டுகள் மண்வெட்டியோடு போராடினேன். அகன்ற வாய்க்காற் கரையுடையோர் அதனை வைக்கட்டும்.

சம்பு நாணலினும் பொல்லாதது. அதன் பழுப்புக் கதிரை விரும்புவோர் துளையற்ற சட்டியில் நட்டு, சட்டியோடு நீரில் இறக்குக. கதிர் பஞ்சாகப் பறக்குமுன் அறுத்தெடுத்துவிட வேண்டும். காற்றிலே போகும் அப்பஞ்சு ஊர்க்குளத்தில் விழுந்தால், வயலுக்குப் பாயவேண்டிய நீரின் வழியைச் சம்பங்காடு அடைத்துவிடும்.