யார் பணத்தில், யாருக்கான இருக்கை?

2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் தமிழகம் முழுவதும் பரவியது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், மக்கள் தேர்ந்தெடுத்த தலித் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். நாற்காலியில் யார் உட்காருவது என்பது நம் ஊர்களில் எப்போதும் அதிகாரம் சார்ந்த கேள்வி. பல்கலைக்கழகத்தில் போடப்படும் நாற்காலிக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

பல்கலைக்கழகத்தில் அதற்கு 'இருக்கை' என்று பெயர். ஹார்வர்டு தமிழ் இருக்கையை நாம் அறிவோம். அதற்கு 60 லட்சம் டாலர் திரட்டினார்கள்; தமிழக அரசும் 10 கோடி ரூபாய் கொடுத்தது. திரட்டிய நிதியை முதலீடு செய்து, அதன் வருமானத்தில் ஒரு பேராசிரியரை அமர்த்தி ஆய்வும் பாடமும் நடத்துவதே இருக்கை. இதே வழியில் தொழில் நிறுவனங்களும் பொறியியல் துறைகளில் இருக்கை நிறுவுகின்றன. மண்ணையும் நீரையும் கெடுக்காமல், வரும் தலைமுறைக்கும் மிச்சம் வைக்கும் 'நீடித்த பொறியியல்' இன்று அவற்றுக்குப் பிடித்த தலைப்பு.

இதற்குச் சட்டமும் வழி விட்டிருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்குக் குறையாமல் நிகர லாபம் காணும் நிறுவனம், தன் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களின் அறிவியல், பொறியியல் ஆய்வுக்குக் கொடுக்கும் பணமும் இந்தக் கணக்கில் சேரும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையின் தோல், காலணி நிறுவனங்களில் இந்த வரம்புக்குள் வருபவை எவையானாலும் அவற்றுக்கும் இது பொருந்தும். ஆகவே இது நம் வாசலுக்கு வரக்கூடிய விஷயம்.

தொழிலதிபரின் பணத்தில் கல்வி என்பது நமக்குப் புதிதல்ல. 1944-ல் அழகப்ப செட்டியாரின் நன்கொடையில் சென்னையில் உருவான தொழில்நுட்பக் கல்லூரியில்தான் தோல் தொழில்நுட்பப் படிப்பு வளர்ந்தது. பக்கத்திலேயே 1948-ல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. தோலைத் தொட்டதற்காகவே தீண்டாமைக்கு ஆளான மக்களின் தொழில், பட்டப்படிப்பானது. ஆனால் பட்டம் பெற்றவர்கள் ஆய்வகத்துக்குப் போனார்கள். சுண்ணாம்புக் குழியிலும் டிரம்மிலும் நின்றவர்கள் அங்கேயே நின்றார்கள்.

அறிவு யார் கையில் இருக்கிறது என்பது ஏன் முக்கியம்? பாலாற்றைக் காப்பாற்றக் கோரி வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'மாசுபடுத்தியவரே இழப்பைக் கொடுக்க வேண்டும்' என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. அதில் இடம்பெற்ற முக்கியமான எண் ஒன்று உண்டு: தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது. அந்த எண்ணைத் தந்தது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம். அரசுச் சம்பளம் வாங்கியவர்கள் செய்த கணக்கெடுப்பு அது. அதே ஆய்வை ஆலைகளின் பணத்தில் அமர்ந்த ஒருவர் செய்திருந்தால், அந்த எண் வெளியே வந்திருக்குமா?

2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காகப் பேச வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களில் இன்னும் பெறாதவர்களுக்கு ஆறு வாரத்தில் இழப்பீட்டைக் கொடுத்து, அதை ஆலைகளிடம் வசூலிக்கும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே 28 ஆண்டுகள் போய்விட்டன.

சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் அப்படிப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். ஆற்றைக் காக்கக் கட்டிய தொட்டியே ஆளைக் கொன்றது. தொழிலாளியின் உயிரைக் கணக்கில் சேர்க்காத பொறியியலை நீடித்த பொறியியல் என்று எப்படிச் சொல்வது?

உண்மையான ஆய்வுக்கு இங்கே வேலை கொட்டிக் கிடக்கிறது. பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் 30 முதல் 40 சதவீதம் உப்பு போடுகிறார்கள். ஊறவைக்கும்போது அந்த உப்பு தண்ணீரில் கரைகிறது. கழிவுநீரை வெளியே விடாத நிலையங்களில் நீரை ஆவியாக்கிய பிறகு கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சுகிறது. அதை என்ன செய்வது? பழைய முறையில் பதனிட்டால் குரோமியத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவோடு போகிறது. இதைக் குறைக்கத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தண்ணீரில்லாக் குரோம் முறையைக் கொண்டுவந்தது. எல்லா டிரம்முக்கும் அது எப்போது வரும்? முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். தொட்டிக்குள் இறங்கியவர்கள் விஷவாயுவில் மாண்ட செய்திகளை இந்த மாவட்டங்களில் பலமுறை வாசித்திருக்கிறோம். மனிதர் இறங்கத் தேவையில்லாத தொட்டியை வடிவமைப்பது எந்த இருக்கையின் முதல் வேலையாக இருக்கும்?

பணத்தை வாங்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பரோடா மன்னர் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில்தான் அண்ணல் அம்பேத்கர் 1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே சாதியைப் பற்றியும் எழுதினார், பிரிட்டிஷ் இந்தியாவின் நிதியைப் பற்றியும் எழுதினார். யார் பணம் என்பதோடு, என்ன நிபந்தனை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நாம் கேட்பது இவை. நிறுவனத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தை எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். முடிவு கொடையாளருக்குப் பாதகமாக இருந்தாலும் அதை வெளியிடும் உரிமை பேராசிரியருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். பேராசிரியர் தேர்வும் ஆய்வு மாணவர் தேர்வும் இடஒதுக்கீட்டின் கீழ் நடக்க வேண்டும். தலைப்பை முடிவு செய்யும் குழுவில் தொழிலாளியும் கிணறு கெட்ட விவசாயியும் உட்கார வேண்டும். இழப்பீட்டுப் பாக்கியை இருக்கைக்குக் கொடுத்த பணத்தால் நேர் செய்ய முடியாது. அது வேறு கணக்கு.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பொறியியலும் வேதியியலும் படிக்கும் மாணவர்களே, உங்கள் கல்லூரிக்கு இப்படி ஒரு இருக்கை வந்தால் திறப்பு விழாவில் கைதட்டுவதோடு நிற்காதீர்கள். அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ஒப்பந்த நகலைக் கேளுங்கள். உங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் போய் அந்தப் பேராசிரியரிடமே கொடுங்கள். அவர் சோதித்து, கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த இருக்கை நமக்கானதுதான்.