பின்னணி வந்தது, பாகவதர்கள் போனார்கள்

செட்டிநாட்டுக்கு இன்று கேமரா வருவது வீடுகளுக்காக. முகப்பு, வளவு, பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் எல்லாம் படத்துக்குப் படம் யாரோ ஒரு பண்ணையாரின் சொத்தாகிவிடும். படப்பிடிப்பு முடிந்ததும் கூட்டம் சென்னைக்கு வண்டி ஏறிவிடும்.

அன்று ஸ்டூடியோவே இங்கே இருந்தது. கண்டனூரிலிருந்து வண்டி கட்டி, காரைக்குடியைத் தாண்டினால் தேவகோட்டை ரஸ்தா. போர்க்காலச் சென்னையில் மின்சாரம் கிடைக்காத படத் தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்ப செட்டியார், அங்கே ஒரு நாடகக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்துப் படமெடுத்தார். 1947இல் ‘நாம் இருவர்’, அடுத்த ஆண்டு ‘வேதாள உலகம்’. அவற்றில் நடித்தவர் டி. ஆர். மகாலிங்கம். சோழவந்தான் பக்கத்துத் தென்கரைக்காரர்.

அந்தக் காலத்தில் பாட வராதவருக்குக் கதாநாயகன் வேஷம் கிடைப்பது கஷ்டம். நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா விட்டுப்போன உச்சஸ்தாயிக்கு வாரிசு என்று மகாலிங்கத்தைச் சொன்னார்கள். 1945இல் வந்த ‘ஸ்ரீவள்ளி’யில் அவர் முருகன், ருக்மிணி வள்ளி. படம் வெளியான பிறகு வள்ளியின் பாட்டுகள் மட்டும் திருப்தியாக இல்லை என்று, பெரியநாயகியைப் பாடவைத்து மறுபடி ஒலி சேர்த்தார் செட்டியார். முருகனின் குரலில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மகாலிங்கம் சிறுவனாக அறிமுகமான ‘நந்தகுமார்’ (1938) படத்தில்தான் தமிழில் பின்னணிப் பாட்டே ஆரம்பித்தது. நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். அந்த உத்தி வளர வளர, பாடி நடிக்கிறவர்களின் மவுசு இறங்கியது. ஒருவர் நடிக்க, இன்னொருவர் பாடலாம் என்றான பிறகு கிட்டப்பா பாணிக் கணீர்க் குரலுக்கு யார் காத்திருப்பார்கள்? மகாலிங்கமோ அந்த நேரம் பார்த்து மகன் பெயரில் சுகுமார் புரொடக்‌ஷன்ஸ் தொடங்கிச் சொந்தப் படம் எடுத்தார். ‘மச்சரேகை’, ‘மோகனசுந்தரம்’, ‘சின்னதுரை’ என்று வந்தன. கடைசியில் கடன்தான் மிச்சம். நடிப்பில் அவர் பெரிய கெட்டிக்காரர் என்று நான் வாதாட மாட்டேன். குரல்தான் அவருடைய முதல், அதன் விலை சந்தையில் சரிந்துவிட்டது.

கைகொடுத்தவர் நம்ம பக்கத்து ஆள், சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன். 1958இல் சொந்தமாக எடுத்த ‘மாலையிட்ட மங்கை’யில் மகாலிங்கத்தைக் கதாநாயகனாக்கினார். பாட்டுகள் ஊரெல்லாம் ஒலித்தன. 1965இல் ‘திருவிளையாடல்’: பாட்டில் ஹேமநாத பாகவதரோடு போட்டியிட அஞ்சி நிற்கும் பாணபத்திரர் வேஷம். சிவாஜிக்கு டி. எம். எஸ்., பாகவதராக வந்த பாலையாவுக்குப் பாலமுரளி கிருஷ்ணா குரல் கொடுத்த அந்தப் படத்தில், தன் பாட்டைத் தானே பாடினார் மகாலிங்கம். 1978இல் காலமானார்.

தொலைக்காட்சியில் அந்தக் காட்சி வரும்போது, “யாரு ஐயா இது?” என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். சிவாஜியையும் பாலையாவையும் அடையாளம் தெரிகிறது, இவரைத் தெரிவதில்லை. இப்போது ஒரு கதாநாயகன் சொந்தக் குரலில் ஒரே ஒரு பாட்டுப் பாடினால், படம் வருவதற்கு முன்பே அதற்குத் தனி விளம்பரம் வந்துவிடுகிறது.