அட்டைப்பெட்டியில் 4கே, பேனலில் எவ்வளவு?

டிவி கடையில் விற்பனையாளர் முதலில் சொல்வது இஞ்ச். அடுத்து வருவது ‘4கே’. அந்தச் சொல்லுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறோம் என்பதால், அது பேனலைக் குறிக்கிறதா, வெறும் விளம்பர வாசகமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. பேனலில் உண்மையில் பதிந்திருக்கும் பிக்சல்களின் எண்ணிக்கைதான் ஒரு டிவியின் ரெசல்யூஷன். ‘எச்டி ரெடி’ என்றால் பெரும்பாலும் 1366 × 768, அதாவது சுமார் 10.5 லட்சம் பிக்சல். ‘ஃபுல் எச்டி’ 1920 × 1080, சுமார் 20.7 லட்சம். 4கே டிவி 3840 × 2160, ஏறக்குறைய 83 லட்சம். ஆனால் பெட்டியில் ‘4கே சப்போர்ட்’, ‘4கே பிளேபேக்’ என்று இருந்தால் சங்கதி வேறு. 4கே வீடியோவை உள்வாங்கி, தன்னிடம் உள்ள பத்து லட்சம் பிக்சலுக்குள் சுருக்கிக் காட்டும் என்பதுதான் அதன் பொருள். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் பொய் என்று சொல்ல முடியாது. ஆளை ஏமாற்ற அது போதும். சந்தையில் உள்ள 32 இஞ்ச் டிவிகள் பெரும்பாலும் எச்டி ரெடிதான், சில ஃபுல் எச்டி. அந்த அளவில் பெயர் தெரியாத ஒரு பிராண்ட் 4கே என்று சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம்.

பேனல் நிஜமாகவே 4கே என்றாலும் படம் அப்படி வந்துவிடாது. சாதாரண எஸ்டி சேனலின் படம் 720 × 576 அளவில் வருகிறது. நான்கு லட்சத்துச் சொச்சம் பிக்சல். அதை 83 லட்சம் பிக்சலில் விரிப்பது ஆழாக்கு மாவை அண்டாத் தண்ணீரில் கரைப்பது மாதிரி. எச்டி சேனல்கள் பெரும்பாலும் 1080 வரிகளோடு நின்றுவிடுகின்றன. பல வீடுகளில் எச்டி செட்டாப் பாக்ஸ் இருந்தும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனையுள்ள பழைய ஏவி ஒயரில்தான் டிவியோடு இணைத்திருப்பார்கள். அந்த ஒயர் எஸ்டிக்கு மேல் எதையும் கடத்தாது. எச்டிஎம்ஐ ஒயர் மாட்டி, பாக்ஸின் மெனுவில் வெளியீட்டை 1080-க்கு மாற்றினாலே புது டிவி வாங்கின மாதிரி இருக்கும். பிறகு டிவியின் படஅளவு மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஃபுல் பிக்சல்’ என்று கம்பெனிக்குக் கம்பெனி ஒரு பெயரில் இருக்கும் வசதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் டிவி படத்தின் ஓரங்களை வெட்டி, மிச்சத்தை இழுத்துக் காட்டும். ஓடிடியிலும் இதே கதைதான். உள்ளடக்கப் பாதுகாப்புக்கான ‘வைட்வைன் எல்1’ சான்று இல்லாத மலிவு ஸ்மார்ட் டிவியில் முக்கியமான ஆப்கள் பலவும் எஸ்டி தரத்தையே கொடுக்கும். உயர்ந்த சந்தா கட்டியும் பலனில்லை. இந்தச் சங்கிலியில் எது மிகக் குறைவோ அதுதான் கண்ணுக்குத் தெரியும் படம்.

‘விலை வித்தியாசம் கொஞ்சம்தானே, 4கே-யே வாங்கிவிட்டால் பின்னால் உதவுமே’ என்பார்கள். 43 இஞ்சுக்கு மேல் இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நல்ல பார்வையுள்ள கண்ணுக்கும் நுணுக்கத்தைப் பிரித்தறிய ஓர் எல்லை உண்டு. 43 இஞ்ச் ஃபுல் எச்டி திரையை ஆறடிக்கு அப்பாலிருந்து பார்த்தால் தனித்தனிப் பிக்சல் தெரியாது. 55 இஞ்ச் திரைக்கு அந்தத் தூரம் ஏழடிக்குச் சற்று மேல். எட்டடி தள்ளிக் கட்டிலில் சாய்ந்து சீரியல் பார்க்கும் வீட்டில் 43 இஞ்ச் 4கே-யின் கூடுதல் பிக்சல்கள் கண்ணுக்கு எட்டாமலே போகும். அந்தப் பணத்துக்கு நல்ல கான்ட்ராஸ்ட், நல்ல ஸ்பீக்கர், பக்கத்து ஊரில் சர்வீஸ் சென்டர் என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

‘கடையில் கண்ணால் பார்த்துத்தானே வாங்குகிறோம்’ என்பது இன்னொரு வாதம். கடையில் ஓடுவது பெரும்பாலும் அதற்கென்றே எடுத்த டெமோ வீடியோ. படமோ ‘விவிட்’ முறையில், வெளிச்சமும் வண்ணமும் உச்சத்தில் இருக்கும். அதை ‘சினிமா’ அல்லது ‘ஸ்டாண்டர்ட்’ முறைக்கு மாற்றச் சொல்லி, ஒரு எஸ்டி சேனலையும் ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் லேப்டாப் ஒன்றை இணைத்து, 4கே அளவில் பொடி எழுத்துகளை வரவழையுங்கள். பேனல் குறைவானது என்றால் எழுத்துகள் ஈசிக்கொண்டு நிற்கும்.

இதற்கெல்லாம் மேல், பில்லில் மாடல் எண்ணோடு பேனலின் ரெசல்யூஷனை எண்ணாக எழுதி வாங்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆன்லைனில் வாங்கியிருந்தால், ‘மாற்றித்தான் தருவோம், திரும்பப் பெற மாட்டோம்’ என்ற பதிலோடு விட்டுவிட வேண்டியதில்லை. விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. பட்டியல் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பெட்டியின் படம், டிவியின் பின்புற லேபிள் மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்தாயிரம் ரூபாய் டிவிக்கு யார் கேஸ் போட்டு அலைவது என்ற கேள்வி நியாயமானதுதான், விசாரணை இழுக்கும். அதனால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே முடிகின்றன. முடியாவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ‘படம் நன்றாக இல்லை’ என்று அங்கே சொன்னால் அது வெறும் அபிப்பிராயம்; கம்பெனி வேறொரு அபிப்பிராயம் சொல்லும். பில்லில் 3840 × 2160 என்று இருந்து, பேனலில் 1366 × 768 இருந்தால் அது எண்ணிப் பார்க்கக்கூடிய குறை. அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு.