மேசைக்கு முன் நின்று கேட்டவை

பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் ஃபார்வர்டிங் அலுவலகம் இருந்தது. ஏழு பேர், இரண்டு தொலைபேசி, ஒரு ஃபேக்ஸ். ஜொகூர் பாரு ஜாலான் உங்கு புவானில் மளிகையும் துணியும் பூசைச் சாமானும் விற்பவர்கள் சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் சரக்கு இறக்குவார்கள். சுங்கத்திலிருந்து அதை வெளியே எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. அந்தச் சிறிய அலுவலகம் பத்தாண்டுக்கு மேல் ஒரு வலைப்பதிவு நடத்தியது என்றால் இன்று அங்கே வேலை செய்யும் பிள்ளைகளே நம்புவதில்லை.

2006இல் முதலாளிதான் ஆரம்பித்து வைத்தார். கே1 என்ற சுங்க இறக்குமதிப் பாரத்தோடு எந்தெந்தத் தாள் வைக்க வேண்டும் என்று அன்று மட்டும் ஆறு பேர் கேட்டிருந்தார்கள். ஆறாவது ஆளை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். “தம்பி, ஒரே பதில ஆறு தடவ சொல்றோமே, எழுதிப் போட்டுட்டா என்ன?” அவ்வளவுதான். விளம்பரம், வாடிக்கையாளர் எண்ணிக்கை என்ற பேச்சே எழவில்லை.

எழுதுவதைவிட எழுத்தைத் திரையில் வரவைப்பதே அன்று பெரிய பாடு. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் அமைப்புக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். அது உடனே மூலக் குறுந்தட்டைக் கேட்கும். டிக் போடாத கணினியில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகித் தனியே நிற்கும். தட்டச்சுக்கு முரசு அஞ்சல் இருந்தது, நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது. கூலாயிலிருந்து ஒரு மளிகைக்காரர் கூப்பிட்டு, “எல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுது” என்றார். குறுந்தட்டை எடுத்துக்கொண்டு அவர் கடைக்கே போய்ச் சரிசெய்து கொடுத்தேன். எங்கள் பதிவின் முதல் வாசகர் அவர்தான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் மூன்றிலும் எடையும் பெட்டி எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும் என்பது முதல் பதிவு. மொத்தம் பதினோரு வரி.

நாங்கள் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தலைவர் ஜோனதன் ஷ்வார்ட்ஸ் 2004இலிருந்தே தன் கைப்பட எழுதிவந்தார். ஜெனரல் மோட்டார்ஸின் பாப் லட்ஸ் 2005இல் தொடங்கினார். எனக்கு நெருக்கமாகப் பட்டது 2008இல் ஸ்ரீதர் வேம்பு எழுதியதுதான். பின்னால் ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தின் தலைவர் அவர். கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளைத் தாங்கள் ஏன் வேலைக்கு எடுத்துப் பயிற்சி தருகிறோம் என்று நிறுவனத்தின் பதிவிலேயே விளக்கினார். ஆள் தேர்வு என்பது எந்த நிறுவனமும் உள்ளே வைத்துப் பூட்டும் விஷயம். அதைக் காரணத்தோடு வெளியே சொல்ல முடியும் என்று எனக்குக் காட்டியது அந்தப் பதிவு.

நம் நாட்டில் அப்போது வலைப்பதிவு என்றாலே அரசியல்தான். 2007 ஜனவரியில் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ் இரண்டு பதிவர்கள் மேல் வழக்குப் போட்டது. அவர்களில் ஒருவரான ஜெஃப் ஊய் 2008 மார்ச்சில் ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினரானார். அதே ஆண்டு மே மாதம் முன்னாள் பிரதமர் மகாதீரே பதிவு எழுத வந்துவிட்டார். முதலாளிக்குக் கொஞ்சம் பயம். “சுங்கத்தப் பத்தி எழுது. சுங்க அதிகாரியப் பத்தி எழுதாத” என்றார். அந்தக் கோட்டை நான் தாண்டவே இல்லை. இன்று யோசித்தாலும் அது நல்ல கோடுதான்.

2015 ஏப்ரல் 1ஆம் தேதி ஜிஎஸ்டி என்ற 6 விழுக்காடு பொருள், சேவை வரி வந்தது. அதற்கு முந்தைய மூன்று மாதங்களை நான் மறக்க மாட்டேன். பருப்புக்கு வரி உண்டா, மிக்சருக்கு உண்டா, பழைய கையிருப்பை என்ன செய்வது, கடையைப் பதிய வேண்டுமா? தொலைபேசி ஓயவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதிவு போட்டேன். பலர் அச்செடுத்துக் கடையில் ஒட்டினார்கள்.

அதில் ஒரு தவறும் செய்தேன். ஆண்டு விற்பனை 5 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால் பதிய வேண்டும் என்பது அப்போதைய சட்டம். பருப்பு போன்றவற்றுக்குச் சுழிய வரி என்பதால் அந்த விற்பனை கணக்கில் சேராது என்று எழுதிவிட்டேன். உண்மையில் சேரும்: சுழிய விகிதமும் வரிக்கு உட்பட்ட விற்பனைதான், வரிவிலக்குப் பெற்றது மட்டுமே சேராது. குளுவாங்கிலிருந்து ஒரு பருப்பு வியாபாரி கூப்பிட்டு, “நீங்க எழுதுனத நம்பி நான் பதியாம இருக்கேன் தம்பி” என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. காலையில் பழைய வரியை அழிக்காமல் குறுக்கே கோடு போட்டு, கீழே சரியான விளக்கமும் தேதியும் என் பெயரும் எழுதினேன். ஃபேக்ஸ் எண் இருந்தவர்களுக்கெல்லாம் திருத்தத்தை அனுப்பினோம். அந்த வியாபாரி உடனே பதிந்துவிட்டார். அதன்பின் எங்கள் மேல் நம்பிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை.

2018 ஜூன் 1இல் ஜிஎஸ்டி சுழியமாக்கப்பட்டது, செப்டம்பரில் எஸ்எஸ்டி என்ற பழைய விற்பனை, சேவை வரி திரும்ப வந்தது. அதற்குள் எல்லாரும் முகநூலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போய்விட்டார்கள். எங்கள் அலுவலகமும் முகநூல் பக்கம் திறந்தது. பதிவு கவனிப்பாரின்றிக் கிடந்தது. ஒரு வருடம் இணைய முகவரிக்கான கட்டணம் கட்டத் தவறினோம். நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள் போய்விட்டன. நகல் எடுத்து வைத்திருக்க வேண்டியவன் நான்.

இன்று தமிழில் எழுத ஒரு தடையும் இல்லை. கைப்பேசியில் பேசினாலே எழுத்தாகிறது. ஆனால் 2024 ஆகஸ்ட் 1இல் இ-இன்வாய்ஸ் என்ற மின் விலைப்பட்டியல் முறை முதலில் பெரிய நிறுவனங்களுக்கு வந்து, பிறகு கட்டம் கட்டமாகக் கீழே இறங்கியபோது எங்கள் வாடிக்கையாளர்களுக்கு விளக்கம் எப்படிக் கிடைத்தது? குரல் செய்தியாக. பேசியது யார், எந்தத் தேதியில், எந்தக் கட்டத்துக்கு என்று ஒன்றும் தெரியாமல் குழுவிலிருந்து குழுவுக்கு ஓடியது. நல்ல விளக்கம் சொன்னவர்களும் அதை ஸ்டேட்டஸில் போட்டார்கள். 24 மணி நேரத்தில் மறைந்தது. தப்பாகச் சொன்னவரைத் தேடிப் பிடித்துத் திருத்தச் சொல்ல ஒரு வழியும் இல்லை. எங்கள் முகநூல் பக்கத்தில் அந்த ஆகஸ்ட் மாதம் இருந்தது சுதந்திர தின வாழ்த்துப் படம். அதில் நிறுவனத்தின் பெயரை மாற்றினால் இன்னொரு நிறுவனத்தின் வாழ்த்தாகிவிடும்.

போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: “அண்ணே, கம்பெனிக்குப் பிளாக் எழுதணும்னு பாஸ் சொல்றாரு. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?” ஏஐயிடம் கேட்டு இருபது தலைப்பு எழுதி வைத்திருந்தாள். சரக்குப் போக்குவரத்தின் முக்கியத்துவம் என்பது முதல் தலைப்பு. அதை யாரும் நம் மேசைக்கு முன் நின்று கேட்டதில்லையே என்றேன்.

முகவரியை நிறுவனத்தின் பெயரில் வாங்கு, கட்டணம் கட்டும் தேதியை இரண்டு பேர் நினைவில் வைக்கட்டும் என்றேன். மாதம் ஒருமுறை நகல். எழுதியவர் பெயரும் தேதியும் இல்லாமல் ஒரு வரியும் போகக் கூடாது. எதற்கும் முன்னால், ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் முன்மேசையில் உட்கார்.

பிறகு அவளை ஜாலான் உங்கு புவானுக்கு அழைத்துப்போனேன். அங்கே ஒரு மளிகைக் கடையில், கல்லாவுக்குக் கீழே, நான் 2015இல் எழுதிய பதிவின் அச்சுத் தாள் பிளாஸ்டிக் உறைக்குள் மஞ்சளித்து ஒட்டியிருக்கிறது. செல்லாத சட்டம்தான். என் தவறான வரிமேல் கடைக்காரர் தன் பேனாவால் கோடிழுத்துத் திருத்தத்தைப் பக்கத்தில் எழுதியிருந்தார். அவள் குனிந்து படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கேட்டார்: “ஏம்மா, சென்னையிலேர்ந்து வாங்குற சரக்குக்கு நானே என் பேருல இ-இன்வாய்ஸ் போட்டுக்கணுங்குறாங்களே, நெசமா?”

அவள் நோட்டைத் திறந்தாள்.