தீப்பொறிக்கும் ஒரு நேரம் உண்டு

செஞ்சி வட்டாரத்தில் தளவானூர் என்றோர் ஊர் உண்டு. ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துச் சிற்பிகள் அங்கே பாறையைக் குடைந்து சத்ருமல்லேசுவரம் என்னும் குகைக் கோயிலை அமைத்தார்கள். அங்கே உளி விழ வேண்டிய இடம் சற்றுத் தவறினாலும் கல் கெட்டுவிடும். குன்றைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தில் இன்று உழவுக்குப் பயன்படும் சிறு எஞ்சின்களிலும் ஓர் 'அடி' ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கிறது. அது நெருப்பின் அடி. இதற்கு இடத்தைவிட நேரமே முக்கியம். நேரம் தவறினால் எஞ்சின் இழுக்காது, சூடேறும். கயிற்றை இழுத்துக் கிளப்புபவரின் மணிக்கட்டைக்கூட முறித்துவிடும்.

நடந்துகொண்டே ஓட்டும் உழவு இயந்திரத்தை நம் ஊரில் பவர் டில்லர் என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் இதையே 'லாண்ட்மாஸ்டர்' என்பார்கள். அது ஓர் ஆங்கிலேயக் கம்பெனியின் பெயர். 1950களில் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன அக்கம்பெனியோடு சேர்ந்து, சேற்று வயலுக்கு ஏற்ற இருசக்கர இழுவையை உருவாக்கினார். கம்பெனியின் பெயரே பின்னர் அவ்வகை இயந்திரம் எல்லாவற்றுக்கும் பெயராக நிலைத்துவிட்டது.

இவ்வகை இயந்திரங்களுள் பழையவை பலவற்றில் பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய் எஞ்சினே இருந்தது. ஜப்பானின் குபோட்டா கம்பெனி 1922ஆம் ஆண்டிலேயே உழவுக்கான மண்ணெண்ணெய் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியது. அப்படிப்பட்ட ஒரு பழைய எஞ்சின் இன்று கொட்டகையில் கிடந்தால் அதை மறுபடி ஓட வைக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். அதற்குத் தீப்பொறியின் நேரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஊஞ்சலும் எஞ்சினும்

ஊஞ்சல் ஆட்டியிருக்கிறீர்கள் அல்லவா? ஊஞ்சல் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் நம் கை வலிக்கும், ஊஞ்சலும் தயங்கும். வெகுதூரம் போன பிறகு தள்ளினாலோ கை எட்டாது. உச்சிக்கு வந்து திரும்பத் தொடங்கும் கணத்தில் தள்ளினால்தான் சிறு தள்ளலுக்கும் பெரும் பலன் கிடைக்கும்.

சிலிண்டருக்குள் பிஸ்டனும் இப்படித்தான் மேலும் கீழும் ஆடுகிறது. அது மேலே ஏறும்போது எரிபொருளும் காற்றும் கலந்த கலவை நெருக்கப்படுகிறது. பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சற்றே இறங்கத் தொடங்கியதும் எரிவாயுவின் அழுத்தம் மிக அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் முழு வலிமையோடு கீழே தள்ளப்படும்.

அப்படியானால் பிஸ்டன் உச்சிக்கு வந்தவுடன் தீப்பொறியைக் கொடுத்தால் போதாதா? போதாது. கலவை ஒரே நொடியில் வெடித்துவிடுவதில்லை. பிளக்கின் முனையில் பற்றிய தீ சிலிண்டர் முழுவதும் பரவ நேரம் பிடிக்கும். விருந்தினர் ஒரு மணிக்கு வருகிறார் என்றால் ஒரு மணிக்கா உலை வைப்போம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்றுச் சுற்றுகிறது என்று கொள்வோம். அது விநாடிக்கு 30 சுற்று, அதாவது 10,800 பாகை. தீ பரவி அழுத்தம் உச்சம் பெறத் தோராயமாக 3 மில்லி விநாடி ஆகும் என்றால், அதற்குள் கிராங்க் தண்டு சுமார் 32 பாகை திரும்பிவிடும். உச்சிக்கு 12 பாகை பின்னால் அழுத்தம் மிகுதியாக இருக்க வேண்டுமானால், உச்சிக்கு 20 பாகை முன்னதாகவே தீப்பொறி விழ வேண்டும். இந்த முற்சேர்க்கையைத்தான் பட்டறைகளில் 'அட்வான்ஸ்' என்கிறார்கள். அதை ஒழுங்கு செய்வதே 'டைமிங் வைப்பது'.

கை முறிவதன் காரணம்

இதே எஞ்சினைக் கயிறு சுற்றி இழுத்தோ கைப்பிடியால் சுற்றியோ கிளப்புகிறோம். அப்போது அதன் வேகம் நிமிடத்துக்கு 200 சுற்று இருந்தாலே அதிகம். அந்த வேகத்தில் 3 மில்லி விநாடியில் தண்டு 4 பாகைகூடத் திரும்பாது. 20 பாகை முன்னதாக விழுந்த பொறியின் அழுத்தம், பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே பொங்கிவிடும். ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்படும். கைப்பிடி எதிர்ப்புறம் சுழன்று கையைத் தாக்கும். இதுதான் எஞ்சின் 'திருப்பி அடிப்பது'.

இதைத் தவிர்க்கப் பழைய எஞ்சின் பலவற்றில் 'இம்பல்ஸ் கப்ளிங்' என்ற விற்சுருள் அமைப்பு உண்டு. மெதுவாகச் சுற்றும்போது மாக்னெட்டோவைப் பிடித்து நிறுத்தி, உச்சியை நெருங்கியதும் சட்டென்று விடுவிக்கும். அந்தச் சமயத்தில் 'டக்' என்ற ஒலி கேட்கும். பொறி தாமதமாகவும் வலுவாகவும் விழும். இழுக்கும்போது அந்த ஒலி கேட்காவிட்டால் விற்சுருள் முறிந்திருக்கலாம், அல்லது உறைந்த எண்ணெயில் சிக்கியிருக்கலாம். அந்த எஞ்சினைக் கிளப்பத் துணியக் கூடாது.

பாட்டரி இல்லாமல் பொறி எப்படி?

காந்தம் நகர்ந்தால் அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். இதைக் கொண்டு 1902இல் ஜெர்மனியின் போஷ் தொழிற்கூடத்தில் கோட்லோப் ஹோனோல்ட் என்பவர் உயர் மின்னழுத்த மாக்னெட்டோவை உருவாக்கினார். பாட்டரி வசதியில்லாத வயற்காட்டு எஞ்சினுக்கு அது பெரும் வரமாயிற்று.

மாக்னெட்டோவில் தடித்த கம்பியால் சில சுற்றுகள் கொண்ட சுருள் ஒன்றும், மெல்லிய கம்பியால் பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட சுருள் ஒன்றும் உண்டு. காந்தம் சுழல, முதற் சுருளில் மின்னோட்டம் எழுகிறது. அது மிகுந்திருக்கும் வேளையில் 'பாயின்ட்' எனப்படும் இரு உலோக முனைகள் பிரிகின்றன. மின்னோட்டம் திடீரென அறுபட, காந்தப் புலம் சரிகிறது. இரண்டாம் சுருளில் 10,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் உண்டாகிப் பிளக்கின் இடைவெளியில் பொறியாகப் பாய்கிறது. பாயின்ட்டுகளிடையே தீப்பறந்து அவை கருகாமல் கண்டென்சர் காக்கிறது. ஆக, பாயின்ட் பிரியும் கணமே பொறி பிறக்கும் கணம். டைமிங் வேலை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

முதலில் இடைவெளி, பிறகு நேரம்

வேலை தொடங்குமுன் எரிபொருளை அடைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி அதன் உலோக உடல் எஞ்சின் உடலோடு நன்கு தொட்டிருக்குமாறு வைத்துச் சுற்றிப் பாருங்கள். கசிந்த பெட்ரோலோ திறந்த டின்னோ அருகில் இருக்கவே கூடாது. நீல நிறப் பொறி படபடவென்று வந்தால் மின்பகுதி நலம். பொறி வராவிட்டாலோ மஞ்சளாக மெலிந்திருந்தாலோ முதலில் பாயின்ட்டைப் பாருங்கள். நெடுநாள் கிடந்த எஞ்சினில் பாயின்ட் முனைகள் களிம்பேறியிருக்கும். அவற்றை மெல்லிய அரத்தால் தேய்த்துச் சுத்தமான துணியால் துடைத்தாலே பல எஞ்சின்கள் உயிர் பெற்றுவிடும்.

அடுத்து, பாயின்ட் முழுதும் திறந்த நிலையில் இடைவெளியை அளவுத் தகட்டால் பார்க்க வேண்டும். எஞ்சினுக்கு எஞ்சின் இது வேறுபடும். பெரும்பாலும் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்கும். தயாரித்தவர் கொடுத்த அளவே சரியான அளவு. இடைவெளியை ஏன் முதலில் சரிசெய்ய வேண்டும்? இடைவெளி கூடினால் பாயின்ட் முன்னதாகப் பிரியும், குறைந்தால் தாமதமாகப் பிரியும். அதாவது இடைவெளி மாறினால் நேரமும் மாறும். பாயின்ட்டின் குதிகால் நாளடைவில் தேயத் தேயப் பொறி தானாகவே தாமதப்பட்டுக்கொண்டு வரும். "போன வருஷம் நல்லா இழுத்தது, இப்போ இழுக்கல" என்னும் குறைக்கு இதுவும் ஒரு காரணம்.

உச்சியைக் கண்டுபிடிப்பது

பிஸ்டனின் உச்சி நிலையைச் சரியாகக் குறிக்காமல் டைமிங் வைக்க முடியாது. பிளக் துளையில் குச்சியை விட்டு, அது ஏறி நிற்கும் இடத்தை உச்சி என்று பலர் கொள்கிறார்கள். இதில் ஒரு மோசம் இருக்கிறது. பிஸ்டன் 80 மி.மீ. தூரம் ஓடும் எஞ்சின் ஒன்றில், உச்சிக்கு 20 பாகை முன்னால் பிஸ்டன் சுமார் 3 மி.மீ. கீழே இருக்கும். ஆனால் 5 பாகை முன்னால் இருக்கும்போது 0.2 மி.மீ.கூடக் கீழே இராது. உச்சிக்கு அருகில் தண்டு திரும்பினாலும் பிஸ்டன் நகர்வதாகவே தோன்றாது. ஆகவே குச்சியை நம்பினால் ஐந்து பாகை வரை எளிதில் தவறிவிடும்.

இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. பழைய பிளக்கின் உடலுக்குள் போல்ட் ஒன்றைப் பொருத்தி, பிஸ்டன் உச்சியை அடையாமல் தடுக்கும்படி பிளக் துளையில் மாட்டுங்கள். ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் தட்டி நிற்கும் இடத்தில், எஞ்சின் உடலிலுள்ள நிலையான குறிக்கு நேராக ஃப்ளைவீலில் ஒரு கோடு இடுங்கள். பிறகு எதிர்ப்புறம் சுற்றி மறுபடி தட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நட்ட நடுவே உள்ளதுதான் உண்மையான உச்சி. (வால்வுகள் பக்கவாட்டில் உள்ள எஞ்சின்களில் பிளக் துளை பிஸ்டனுக்கு நேர் மேலே இராமல் போகலாம். அங்கே சிலிண்டர் தலையைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.)

இனிப் பாகையை அளவுநாடாவால் அளக்கலாம். ஃப்ளைவீலின் விட்டம் 30 செ.மீ. என்றால் சுற்றளவு 942 மி.மீ. அதை 360ஆல் வகுத்து 20ஆல் பெருக்கினால் 52 மி.மீ. ஆகும். உச்சிக் குறியிலிருந்து விளிம்பு வழியாக அத்தனை தூரம் அளந்து, உச்சிக்கு முன்னதாக நிலைக்குறியைக் கடக்கும் பக்கத்தில் கோடிட்டால் அதுவே பொறிக்குறி. 20 பாகை என்பது நம் கணக்குக்காகக் கொண்டது. உங்கள் எஞ்சினுக்கு உரிய பாகையை அதன் கைப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாயின்ட்டுகளுக்கிடையே சிகரெட் தாள் ஒன்றைச் செருகி மெல்ல இழுத்தபடி, எஞ்சினை அதன் இயல்பான திசையில் சுற்றுங்கள். நான்கு வீச்சு எஞ்சினாக இருந்தால் இரு வால்வுகளும் மூடிய அழுத்த வீச்சில் இதைச் செய்வது அவசியம். தாள் நழுவும் கணத்தில் பொறிக்குறி நிலைக்குறிக்கு நேராக இருந்தால் டைமிங் சரி. குறி கடந்த பின் நழுவினால் பொறி தாமதம். அப்போது பாயின்ட் அமைந்த தட்டின் திருகுகளைத் தளர்த்தி, எஞ்சின் சுழலும் திசைக்கு எதிராகச் சற்றே திருப்ப வேண்டும். முந்தி நழுவினால் சுழலும் திசையிலேயே திருப்ப வேண்டும். திருகுகளை முடுக்கிய பின் மறுபடி ஒருமுறை தாளை வைத்துப் பார்ப்பது நல்லது, முடுக்கும்போதே தட்டு நகர்ந்துவிடுவதுண்டு.

எஞ்சின் சொல்லும் குறிகள்

பொறி மிகவும் முந்தினால் எஞ்சின் திருப்பி அடிக்கும். சுமை ஏறும்போது உள்ளே சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி கேட்கும். அப்படியே ஓட்டினால் பிஸ்டனின் தலையே உருகலாம். பொறி பிந்தினால் எஞ்சின் சோம்பும். கலவை எரிந்து முடியுமுன் புகைவால்வு திறந்துவிடுவதால் புகைக்குழாய் அளவுமீறிச் சூடேறும். பெட்ரோல் செலவு கூடும், உழவு நடக்காது. இவற்றை அறியாமல் பிளக்கையும் கார்புரேட்டரையும் மாற்றி, கடைசியில் பிஸ்டன் வளையத்தையும் மாற்றிச் செலவழிப்பவர் உண்டு. குறையோ இரண்டு மில்லிமீட்டர் தட்டு நகர்வில் இருந்திருக்கும்.

மண்ணெண்ணெய் எஞ்சினில் இன்னும் கவனம் வேண்டும். மண்ணெண்ணெய் பெட்ரோலைப்போல் எளிதில் ஆவியாகாது, நெருக்கினால் சீக்கிரம் தட்டத் தொடங்கிவிடும். அதனால்தான் அந்த எஞ்சின்களில் அழுத்த விகிதம் குறைவு. பெட்ரோலில் கிளப்பிச் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 1990க்குப் பிந்திய போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் அரிதானபோது, மக்கள் சில துளி பெட்ரோலில் கிளப்பி மோட்டார் சைக்கிளையும் பழைய கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எஞ்சினின் இயல்பை அறிந்த கைகளே அன்று போக்குவரத்தைக் காப்பாற்றின.

பிளக் இல்லாத எஞ்சின்

தமிழ்நாட்டு வயல்களில் இன்று காணும் பவர் டில்லர்களில் பெரும்பாலானவை டீசலில் ஓடுபவை. பெங்களூரில் மிட்சுபிஷியின் கூட்டுறவோடு வி.எஸ்.டி. நிறுவனம் 1967இல் தொடங்கியது. கேரளத்தில் காம்கோ 1973இல் தோன்றியது. டீசல் எஞ்சினில் பிளக்கும் இல்லை, பாயின்ட்டும் இல்லை. மிகவும் நெருக்கப்பட்டுச் சூடேறிய காற்றில் டீசல் பீச்சப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. ஆனாலும் டீசல் உச்சிக்கு எத்தனை பாகை முன்னதாகப் பீச்சப்பட வேண்டும் என்ற கேள்வி அங்கேயும் உண்டு. விதி ஒன்றே, பொறிக்குப் பதில் துளி.

புதிதாக வந்துள்ள சிறு பெட்ரோல் களையெடுப்பான்களில் மின்னணு முறையில் பொறி உண்டாகிறது. அதில் டைமிங்கைத் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் கத்தி கல்லில் மோதி எஞ்சின் சட்டென நின்றால், ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டியிருக்கும் சிறு சாவித்துண்டு வெட்டுப்படலாம். ஃப்ளைவீல் சற்றே நகர, காந்தமும் நகர்ந்து பொறியின் நேரம் தவறிவிடும். பொறி நன்றாக வந்தும் எஞ்சின் கிளம்பவில்லை என்றால் அந்தச் சாவியை முதலில் பாருங்கள்.

லாண்ட்மாஸ்டரை உருவாக்க உதவிய ரே விஜேவர்தனவே பிற்காலத்தில், இறக்குமதி எண்ணெயை நம்பிய உழவைக் கேள்வி கேட்டு, எருமையின் பயனை எடுத்துச் சொன்னார். எருமையா, எஞ்சினா என்பதை அவரவர் நிலமும் கையிருப்பும் தீர்மானிக்கட்டும். எருமைக்குத் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளத் தெரியும். எஞ்சினுக்கு அது தெரியாது. அந்த வேலைக்கு ஒரு சிகரெட் தாளும், அளவுநாடாவும், பள்ளியில் படித்த வட்டத்தின் சுற்றளவும் போதும். மழை பெய்து மண் பதமாக இருக்கும் அந்த இரண்டு மூன்று நாளில் எஞ்சின் கிளம்பவேண்டும் என்று காத்திருக்கும் உழவருக்கு, இந்தக் கணக்குத் தெரிந்த ஒருவர் ஊரில் இருப்பது பெரிய துணை. அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாமே!