பாவித்த கணனி வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

வால்தம்ஸ்டோவுக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "சொலிசிட்டர் அனுப்புற ஈமெயில் பார்க்க வேணும், இங்கிலிஷ் படிக்க வேணும். மலிவா ஒரு கணனி எப்படி வாங்குறது?"

தாங்களே சமைத்துச் சாப்பிடும் வீட்டில் இருக்கிற தஞ்சம் கோரியவருக்கான உதவிப் பணம் 2024 ஜனவரியில் வாரம் 49.18 பவுண்ஸ் ஆக்கப்பட்டது. கணனிக்கு இதில் இரண்டு மூன்று வாரக் காசு போகும். எனவே அவசரப்பட வேண்டாம். ஹை ஸ்ட்ரீட்டில் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற வால்தம்ஸ்டோ லைபிரரியில் உறுப்பினராகச் சேருவது இலவசம். அங்கே கணனியும் பாவிக்கலாம். வேலை முடிந்ததும் உங்கள் ஈமெயிலை விட்டு வெளியேற மறக்காதீர்கள். உங்கள் வழக்கு விபரம் அடுத்தவர் கண்ணில் படக்கூடாது.

வாங்கத்தான் வேணும் என்றால், மலிவான புதுக் கணனியை விட, கம்பனிகள் பாவித்து விற்ற டெல், எச்.பி., லெனோவோ அலுவலகக் கணனிகள் நல்லவை. உறுதியானவை, உதிரிப்பாகமும் சுலபமாகக் கிடைக்கும். கடையில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்:

1. புரொசெசர்: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்குப் பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேணும். "ஐ5-8500" என்று இருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் 8தான் தலைமுறை. "ஐ5-4570" என்றால் அது 4ஆம் தலைமுறை. மலிவு என்று சொல்லி உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், விட்டுவிடுங்கள்.

2. ரேம்: 8 ஜி.பி. இருக்க வேணும். 4 ஜி.பி.யில் விண்டோஸ் 11 ஓடும், ஆனால் இழுத்து இழுத்துத்தான் ஓடும்.

3. டிஸ்க்: எஸ்.எஸ்.டி. என்று கேட்டு வாங்குங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் மெதுவானது, விழுந்தால் பழுதாகும்.

4. அளவு: ஹோம் ஒபிஸ் உங்களை வேறு ஊருக்கு மாற்றக்கூடும். பையில் வைத்துக் கொண்டு போகக்கூடிய சின்னப் பெட்டி நல்லது. மொனிட்டர், கீபோட், மவுஸ், வைஃபை எல்லாம் விலைக்குள் அடங்குமா என்றும் கேளுங்கள். வைஃபை இல்லாத அலுவலகக் கணனிகளும் உண்டு.

யாரிடம் வாங்குவது?

கடையில் வாங்கினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை. பாவித்த பொருளாக இருந்தாலும், விற்கும்போது உங்களுக்குச் சொல்லாத பழுது இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்கலாம். நீங்கள் தஞ்சம் கோரியவர் என்பதால் இந்த உரிமை குறையாது. ஆனால் ரசீது வேணும். தெரிந்த ஒருவரிடம் கைக்காசுக்கு வாங்கினால் இந்த 30 நாள் உரிமை கிடையாது. "நம்ம ஆள்தானே" என்று ரசீது இல்லாமல் வாங்கிப்போட்டு பிறகு கவலைப்படாதீர்கள். காசு கொடுக்க முதல் கணனியைப் போட்டு, இணையம் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு

பழைய சொந்தக்காரரின் பைல்கள் எல்லாம் அழியும்படி விண்டோஸை "ரீசெட்" செய்யுங்கள். பிறகு உங்களுக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்ட் போடுங்கள். தமிழில் எழுத மென்பொருள் எதுவும் வாங்கத் தேவையில்லை. தமிழ்99 கீபோட் விண்டோஸ் 11இலேயே இருக்கிறது. இன்னொன்று: கணனியில் நேரடி ஒளிபரப்பு டிவி அல்லது பிபிசி ஐபிளேயர் பார்த்தாலும் டிவி லைசென்ஸ் வேணும்.

சந்தேகம் இருந்தால் கணனியின் மாதிரி இலக்கத்தையும் விலையையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு எங்களிடம் வாருங்கள். வாங்கின பிறகு அல்ல, வாங்க முதல்!